விளக்கு வைக்கும் நேரத்தில் நித்திரையாகிற வீடு

பெண் பார்க்க வருகிறவர்களைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லும் வீட்டில் ஏதோ ஒன்று மறைந்திருக்கத்தான் வேண்டும் என்று உதயகலா நினைத்தாள். அவளுடைய தம்பி கோபிசங்கருக்குப் பேசி வந்த இடம் அது. கொடிகாமம் சந்தையிலிருந்து ஒரு கட்டை, ஒரு மைல் தூரம், தள்ளிக் கதிரவேலு என்பவரின் வீடு. வாழை, கத்தரி, பயற்றங்காய் என்று தோட்டம் செய்து சந்தைக்குக் கொடுக்கிற குடும்பம். மூத்த மகள் கஜந்தினி கணக்கியல் படித்துவிட்டு, வீட்டில் இருந்தபடியே ஏதோ வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறாள். சாதகம் பொருந்திவிட்டது. சனிக்கிழமை பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்றபோது, பின்னேரம் இராகுகாலம், அதனால் காலமையே வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உதயகலா சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள். சனிக்கிழமை இராகுகாலம் காலையில்தான் வருகிறது. பின்னேரம் முழுக்கக் குற்றமில்லாமல் கிடந்தது.

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். உதயகலாவால் முடியாது. அவளுடைய கலியாணமும் இப்படி எல்லாம் பொருந்தி நடந்ததுதான். மாப்பிள்ளைக்கு இருதய வருத்தம் என்பது, ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் கடதாசியில் சுற்றி வைத்திருந்த மருந்துக் குளிசைகளை அவள் ஒருநாள் கண்டபோதுதான் தெரியவந்தது. அவரை அவள் வெறுக்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் சில வருடங்களில் அவர் போன பிறகு மாமியார் அழுதுகொண்டே, "சொல்லியிருந்தா நீ செய்திருக்கமாட்டாய்தானே பிள்ளை" என்று சொன்னது அவளுக்குள் அப்படியே கிடந்தது. அச்சுவேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் உயிரியல் படிப்பிக்கிறாள். தாய் தகப்பன் இல்லாத தம்பிக்கு அவள்தான் எல்லாம். அவனையும் ஒரு வீடு அப்படி ஏமாற்ற விடுவதில்லை என்பதில் உறுதியாக இருந்தாள்.

சொன்ன நேரத்துக்குப் போனார்கள். வங்கியில் வேலை செய்கிற கோபிசங்கர் விடுமுறை நாட்களில் பத்து மணிக்கு முன் கண் திறக்காதவன். அன்று கொட்டாவியை மறைக்கக் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. கஜந்தினியோ நடுப்பகலில் நிற்கிறவள் போல இருந்தாள். முகம் தெளிவு, பேச்சில் பகிடி. மாப்பிள்ளை தேத்தண்ணியோடு சேர்ந்து நித்திரையையும் குடிக்கிறார் என்று அவள் தாயிடம் மெல்லச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. திரும்பி வரும் வழியில் கோபிசங்கர் தனக்குப் பிடித்திருக்கிறது என்றான். அந்த நேரத்தில் ஒரு மனுசி எப்படி அவ்வளவு பளிச்சென்று இருக்கலாம் என்பதே உதயகலாவின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது சந்தேகத்தைக் கிளப்பியவள் றஜனி. உதயகலாவுக்கு இளையவள், ரொறன்ரோவில் இருக்கிறாள். வேலைக்குப் போய்ச் சேர்ந்து முதல் கோப்பி குடிக்கிற நேரம்தான் அவளுக்குக் கதைக்கத் தோது. அந்த நேரம் இங்கே பொழுதுபட்டு விளக்கு வைத்து முடிந்திருக்கும். பெண் வீட்டுக்கு எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்தாளாம். போன் நிறுத்திக் கிடக்கிறது.

"ஆர் அக்கா உந்த நேரத்தில போனை நிப்பாட்டி வைக்கிறது? ஊர் முழுக்க வெளிநாட்டுக் கோல் வாற நேரமெல்லோ உது?"

அது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் பொழுதுபட்ட பிறகு போனை நிறுத்துகிற வீடு, பகலில் கதவைப் பூட்டுகிற கடையைப் போல.

ஆகவே உதயகலா விசாரிக்கப் போனாள். கலியாணத்துக்கு முன் ஊருக்குள் போய் விசாரிப்பது எல்லாரும் செய்வது. அதற்கென்று ஒரு நாகரிகமும் உண்டு. நேராகக் கேட்கக்கூடாது. மரக்கறி வாங்குகிற சாட்டில் நின்று கேட்கவேண்டும். கொடிகாமம் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் குணலட்சுமியிடம் அவள் தேவைக்கு மேலாகவே கத்தரிக்காய் வாங்கினாள். நல்ல சனம் ரீச்சர், ஆரோடும் சண்டை சச்சரவில்லை என்று தொடங்கிய குணலட்சுமி, பிறகு ஓர் 'ஆனால்' போட்டாள். அந்த 'ஆனால்' வரும் என்று காத்து நின்ற உதயகலா பையைக் கீழே வைத்தாள்.

"விளக்கு வைக்க முந்தியே கேற்றைப் பூட்டிப்போடுவினம். கூப்பிட்டாலும் ஒருத்தரும் வெளிய வராயினம். ஆனா விடியப்பறம் பாத்தா வீடு முழுக்க லைற்று, குசினியில புகை. சாமத்தில அடுப்பு மூட்டி என்ன காய்ச்சீனமோ? நான் ஒண்டும் சொல்லேல்லை ரீச்சர். சனம் கதைக்குது."

சனம் கதைத்தது என்ன என்பதையும் குணலட்சுமியே சொன்னாள். சிலர் கசிப்பு, கள்ளச் சாராயம், என்றார்கள். சிலர் மந்திரம் என்றார்கள். கஜந்தினி கோயில் இரவுத் திருவிழா ஒன்றிலும் நின்றதை யாரும் கண்டதில்லை. அவளுக்கு முன்பு பின்னேர வகுப்பு எடுத்த ஆசிரியை ஒருத்தி உதயகலாவின் பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள். அவளும் யோசித்துவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் வகுப்பில் மேசையில் தலை போட்டு மயங்கினதுபோல் படுத்துவிடும், ஏதோ குளிசை எடுக்குதாக்கும் என்று தாங்கள் நினைத்ததாகச் சொன்னாள்.

குளிசை. அந்தச் சொல்லோடு உதயகலாவின் சந்தேகம் ஒரு வடிவத்துக்கு வந்தது. கசிப்பும் மந்திரமும் ஊர்க்கதை. வருத்தத்தை மறைப்பது நடக்கிற கதை.

அவள் ஒரு திட்டம் போட்டாள். எழுத்துக்கு, அதாவது பதிவுத் திருமணத்துக்கு, நாள் குறிக்கவேண்டும். றஜனியும் வீடியோவில் இருந்து கதைக்கவேண்டும். ஆகவே பின்னேரம் ஏழு மணிக்கு அச்சுவேலிக்கு வாருங்கள் என்று அழைப்பு அனுப்பினாள். காலையில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றாள். மத்தியானம்? கனடாவில் அது நித்திரை நேரம் என்றாள். மறுமுனையில் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு கதிரவேலு, வாறம் என்றார். அந்தக் குசுகுசுப்பை உதயகலா பத்திரமாகக் குறித்து வைத்துக்கொண்டாள்.

வந்தார்கள். கதிரவேலு, மனைவி தயாளினி, கஜந்தினி. வடையும் தேநீரும் வந்தன. பொழுது நன்றாக மங்கிய பிறகு உதயகலா கதையை வேண்டுமென்றே நீட்டினாள். கதிரவேலுவின் பதில்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. முதலில் முழு வாக்கியம், பிறகு 'ஓம்', பிறகு தலையாட்டல். றஜனி திரையில் தோன்றி வணக்கம் சொன்னபோது அவருடைய நாடி நெஞ்சில் விழுந்திருந்தது. கஜந்தினி கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையின் நகத்தால் மற்றக் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பெண் பார்த்த அன்று காலையில் பகிடி விட்ட பெண்ணா இவள் என்று இருந்தது. தயாளினி மட்டும் உசாராக இருந்தாள். கணவனை முழங்கையால் இடித்தபடி, அவளே மூன்று பேருக்கும் சேர்த்துக் கதைத்தாள்.

உதயகலா வடைத்தட்டை நீட்டுகிற சாட்டில் கதிரவேலுவின் பக்கம் குனிந்து மணந்து பார்த்தாள். குடி மணம் இல்லை.

கஜந்தினி முகம் கழுவவென்று எழுந்து பின்பக்கம் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிய சத்தம் கேட்டது. அவளுடைய கைப்பை கதிரையில் கிடந்தது. தயாளினி திரையில் றஜனியோடு மாட்டுப்பட்டிருந்தாள். உதயகலா பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்த் திறந்தாள். செய்யக்கூடாத வேலை என்று தெரியும். சீப்புக்கும் போன் வயருக்கும் நடுவில் பாதி முடிந்த குளிசை அட்டை ஒன்று இருந்தது. பெயரை வாசித்தாள். புறோப்பிறனலோல்.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இருந்ததும் அதுதான்.

அவர்கள் போன பிறகு அவள் நித்திரை கொள்ளவில்லை. தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே களைப்பு, ஒரே மயக்கம், தாய்க்கு இல்லை. இரத்த வழியாக வருகிற இருதய வருத்தம். உயிரியல் படிப்பிக்கிறவளுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தம்பியிடம் சொல்லுமுன் ஒருதரம் அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டுவிடவேண்டும் என்று மட்டும் தோன்றியது. அவளுடைய மாமியாரிடம் அவள் கேட்காமல் விட்ட கேள்வி அது.

வெளிச்சம் வருமுன் ஸ்கூட்டரை எடுத்தாள். புத்தூர்–மீசாலை வீதியில் கடல்நீரேரிக்கு மேலே கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. எழுப்பிக் கேட்டால் பொய் சொல்ல நேரம் இருக்காது என்பது அவளுடைய கணக்கு.

எழுப்பத் தேவையிருக்கவில்லை. கேற் திறந்து கிடந்தது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தாயிற்று. குசினியில் சோறு வடித்து, ஒரு கறி இறக்கி, மற்றது கொதித்துக்கொண்டிருந்தது. இரவு கதிரையில் சரிந்து கிடந்த கதிரவேலு, வாழைக்குலையொன்றைத் தோளில் தூக்கி லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உதயகலாவைக் கண்டதும், "என்ன ரீச்சர், உங்கடை பக்கத்தில சாமத்திலயோ பொம்பிளை பாக்கிறது?" என்று சிரித்தார். பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். உள்ளே ஓர் அறையில் கஜந்தினி காதில் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு, மெல்பேணில் இருக்கும் யாரோ ஒருவருக்கு ஆங்கிலத்தில் வரிக்கணக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அங்கே அப்போது காலை வேலை நேரம் மும்முரமாக நடக்கிறது. சாமத்தில் எரிகிற லைற்றுக்குக் காரணம் இதுதான் என்று உதயகலாவுக்கு உடனே விளங்கியது. விளங்கியதால் சந்தேகம் குறையவில்லை. ஒரு பூட்டுத் திறந்தால் உள்ளே இன்னொன்று இருக்கும் என்றுதான் அவளுடைய மனம் சொன்னது.

"நேற்று உங்கடை மகளின்ரை பையைத் திறந்து பாத்தனான்" என்றாள். "அந்தக் குளிசை எனக்குத் தெரியும். என்ரை மனுசனும் அதைப் போட்டுக்கொண்டு இருந்து செத்தவர். நெஞ்சு வருத்தம் ஆருக்கு, மகளுக்கோ, உங்கள் ரெண்டு பேருக்குமோ?"

கதிரவேலுவின் சிரிப்பு நின்றது. தயாளினி அகப்பையோடு குசினியிலிருந்து வந்தாள். வீட்டுக்கு வந்த பிள்ளையின் பையைத் திறக்கிறதோ அச்சுவேலி வழக்கம் என்று கேட்டாள். கஜந்தினி தன் அழைப்பை முடித்து ஹெட்செற்றைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"பையில வேற என்ன கண்டனீங்கள் ரீச்சர்? சீப்பில ரெண்டு மயிர் இருந்திருக்குமே, அதையும் எண்ணினனீங்களோ?"

பிறகு அவளே மர வாங்கொன்றை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். தகப்பன் தடுக்கப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

கதிரவேலுவின் தகப்பனுக்கும் இப்படித்தான். பொழுது சாயும்போது கண் சாயும். ஊர் உறங்குகிற நேரத்தில் விழிப்பு வரும். தோட்டக்காரருக்கு அது குறையாகத் தெரியவில்லை. சந்தைக்கு முதல் ஆளாகப் போகிற குடும்பம் என்று பேர்தான் வந்தது. குறையாகத் தெரிந்தது பெண்களுக்கு. கதிரவேலுவின் தங்கையைக் கரவெட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுப் பெண் நித்திரை கொண்டால் மூதேவி குடிவரும் என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அவளோ ஒவ்வொரு நாளும் சரியாக அந்த நேரத்தில் சுவரோடு சாய்ந்துவிடுவாள். அடித்துப் பார்த்தார்கள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், பேய் ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஆண்டு திரும்புமுன் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்துதான் இந்த வீட்டுக் கேற் பொழுதுபட முன்னே பூட்டப்படுகிறது. உள்ளே யாரும் ஒன்றும் செய்வதில்லை. நித்திரை கொள்கிறார்கள், அதை மற்றவர் காணக்கூடாது, அவ்வளவுதான்.

"உந்த வீட்டில பொழுதுபட்டாப்பிறகு முழிச்சிருக்கிறது நானும் நாயும்தான்" என்றாள் தயாளினி. "முப்பது வருசமா ரீவியைச் சத்தம் குறைச்சு வைச்சுப் பாக்கிறன்."

இதற்கு விளக்கம் வந்தது நோர்வேயிலிருந்து. கதிரவேலுவின் தம்பி அங்கே பஸ் ஓட்டியவர். பின்னேர வேலைக்கு மாற்றியபோது வளைவொன்றில் கண் மூடிவிட்டது. நல்லகாலம், ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நித்திரையை ஆராய்கிற வைத்தியர்களிடம் அனுப்பினார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்புக் கடிகாரத்தை ஓட்டுகிற பரம்பரை அலகுகளில், அதாவது மரபணுக்களில், ஒன்றில் ஒரு சிறு மாற்றம் என்றார்கள். குளிசை தலையிடிக்கு. இப்படியான சில குடும்பங்களில் ஒற்றைத் தலையிடியும் கூடவே வருகிறது. கஜந்தினிக்கும் தகப்பனுக்கும் அது இருந்தது. இருதயத்துக்குக் கொடுக்கிற அதே குளிசை தலையிடி வராமல் தடுக்கவும் கொடுக்கப்படுகிறது.

உதயகலா கேட்டுக்கொண்டு இருந்தாள். பொய் என்றால் இவ்வளவு நுணுக்கமாக இராது என்று ஒரு மனம் சொன்னது. நுணுக்கமான பொய்தான் நிற்கும் என்று மற்ற மனம் சொன்னது. நெஞ்சுப் படம் எடுத்ததா என்று கேட்டாள். எடுத்துக் கனகாலம், உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ என்றாள் கஜந்தினி. உதயகலா உண்மையாகவே கூட்டிக்கொண்டு போனாள். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியரிடம் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில், வழக்குக்கு வந்தவர்கள்போல் இருந்தார்கள். இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று வைத்தியர் சொன்னார். தலையிடிக்கு எழுதிய அளவுதான் அந்தக் குளிசையின் அளவு என்பதையும் கேளாமலே சொன்னார்.

அதன்பிறகும் அவள் விடவில்லை. வீட்டுக்கு வந்து, கிடைத்த கட்டுரைகளையெல்லாம் இறக்கி வாசித்தாள். குற்றம் கண்டுபிடிக்கவென்று வாசிக்கத் தொடங்கியவள், வாசிக்க வாசிக்க அதன் அழகில் மெல்ல இழுபட்டுப் போனாள்.

கூரைக்கு மேலே நிற்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்தால் விஷயம் எளிது. மோட்டர் கிணற்றுத் தண்ணீரை ஏற்றுகிறது. தாங்கி நிரம்ப, உள்ளே மிதவை உயர்கிறது. ஓர் அளவுக்கு வந்ததும் அதுவே மோட்டரை நிறுத்துகிறது. வீட்டில் தண்ணீர் செலவாக மிதவை இறங்குகிறது. இறங்கியதும் மோட்டர் திரும்ப ஓடுகிறது. யாரும் மணி பார்த்து மின் ஆளியைத் தட்டுவதில்லை. உடம்பின் உயிர்க் கலங்களுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. கடிகார அலகுகள் சில புரதங்களைச் செய்விக்கின்றன. அந்தப் புரதங்கள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் கலத்தின் கருவுக்குள் திரும்பிப்போய், தம்மைச் செய்வித்த அலகுகளையே நிறுத்திவிடுகின்றன. பிறகு அவை மெல்லச் சிதைந்து போகின்றன. போனதும் அலகுகள் மறுபடி வேலை தொடங்குகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள்.

மூளையில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடுகிற இடத்துக்குச் சற்று மேலே, தலைமைக் கடிகாரம் இருக்கிறது. அதைத் தினமும் திருத்தி வைப்பது வெளிச்சம். ஈரலுக்கும் கணையத்துக்கும் குடலுக்கும் இருதயத்துக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை தலைமையைப் பின்பற்றும், சாப்பாட்டு நேரத்தையும் பார்க்கும். நித்திரை அதில் ஒரு முள் மட்டும்தான். உடல் சூடு எப்போது இறங்குவது, இரத்த அழுத்தம் எப்போது ஏறுவது, சோற்றிலிருந்து வரும் சீனியை எப்போது நன்றாகக் கையாள்வது எல்லாம் அதே சுற்றோடு ஓடுகின்றன. கதிரவேலு வீட்டாரின் மாற்றத்தில் புரதம் கொஞ்சம் கெதியாகச் சிதைகிறது. தாங்கியில் ஒரு சிறு ஒழுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மிதவை முந்தி இறங்குகிறது, மோட்டர் முந்தி ஓடுகிறது. ஆகவே அவர்களுடைய நாள் மற்றவர்களுடைய நாளுக்கு முன்னாலேயே தொடங்கி முன்னாலேயே முடிகிறது. அந்த நாளோடு ஒத்து வாழ்ந்தால் குறை ஒன்றுமில்லை. மற்றவர்களுடைய நேரத்துக்கு இழுத்தால்தான் களைப்பு, தவறு, உடம்புக்குக் கேடு. அன்று பின்னேரம் ஏழு மணிக்கு உதயகலா செய்தது அதைத்தான்.

இருதய வருத்தம் என்ற சந்தேகம் போயிற்று. ஆனால் ஒன்று மட்டும் சரியாகவே இருந்தது: அவர்கள் மறைத்தார்கள். அவள் மறுபடி கொடிகாமத்துக்குப் போய், எழுத்துக்கு முன் இதைக் கோபிசங்கரிடம் சொல்லவேண்டும் என்றாள். கதிரவேலு சம்மதிக்கவில்லை. அவருக்கு இன்னொரு மகளும் இருந்தாள். அவளும் விளக்கு வைக்கும் நேரத்தில் சாய்கிறவள்தான்.

"ரீச்சர், உங்களுக்கு அது கடிகாரம். வெளிய போனா அது பரம்பரை வருத்தம். சந்தைக்குப் போய்ச் சேரேக்கை பைத்தியம் எண்டு ஆகியிருக்கும். பிறகு என்ரை சின்னவளை ஆர் கேட்டு வருவினம்?"

அவர் சொன்னது வெறும் பயமல்ல என்பது உதயகலாவுக்குத் தெரியும். அவளே கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு அதைக் கேட்டு நின்றவள். ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை, கட்டப்போகிறவனுக்குச் சொல்லுங்கோ என்றாள். முடிவெடுத்தது கஜந்தினி. தானே சொல்கிறேன், ஆனால் என்ரை நேரத்துக்கு வரச் சொல்லுங்கோ என்றாள்.

கோபிசங்கரை அந்த நேரத்துக்கு எழுப்புவது உதயகலாவுக்குப் பெரிய பாடாய்ப்போயிற்று. தலையில் தண்ணீர் தெளித்து அனுப்பிவிட்டு, அவன் திரும்பும்வரை கேற்றடியிலேயே நின்றாள். வேண்டாம் என்று வந்து சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தது தான்தான். சரி என்றால், பின்னால் ஏதாவது வந்தால் அதுவும் தான்தான். வெயில் ஏறிய பிறகு வந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹெல்மெற்றைக் கழற்றாமலே நின்றான்.

"எல்லாம் சொன்னவ. பிள்ளையளுக்கும் வருமோ எண்டு கேட்டன். சரிபாதிச் சந்தர்ப்பம் எண்டா. மழுப்பேல்லை."

"நீ என்ன சொன்னனி?"

"என்ன சொல்லுறது? அப்பா கால் எடுத்துத்தானே செத்தவர். அப்பப்பாவும் சீனி வருத்தத்தில போனவர். எனக்கும் போன முறை இரத்தம் சோதிச்சதில சீனி கரையில நிக்குது எண்டு சொன்னவையெல்லோ. அதைச் சொன்னன். அப்பதான் அவ கேட்டா, இதை ஏன் உங்கடை பக்கத்தில ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை எண்டு."

மறைக்கவேண்டும் என்று உதயகலா நினைத்ததேயில்லை. ஊரில் எந்த வீட்டில் சீனி வருத்தம் இல்லை? அதை ஒரு விஷயமாகச் சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை. தோன்றாதது எப்படி மறைத்ததாகும் என்று அவள் தனக்குள் வாதாடிப் பார்த்தாள். அவளுடைய மாமியாருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்ற நினைப்பு வந்து வாதத்தைக் கெடுத்தது. சீனி வருத்தமும் பரம்பரையாக வருவது. அதைவிட, இந்தப் பொடியன் சாமத்தில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவன். கணையத்தின் கடிகாரம் ஓய்ந்த நேரத்தில் ஏறுகிற சீனி கெதியில் இறங்காது என்பதை அவள் அந்த வாரம்தான் வாசித்திருந்தாள். வாசித்தபோது கூட அது தன் குசினியைப் பற்றியது என்று நினைக்கவில்லை.

"என்னவாம் அவ?"

"எட்டு மணிக்குப் பிறகு தன்ரை வீட்டில சாப்பாடு இல்லையாம். சமைக்கிற ஆள் நித்திரையாம்." அவன் இப்போதுதான் ஹெல்மெற்றைக் கழற்றினான். முகத்தில் சிரிப்பு இருந்தது. "எனக்குச் சம்மதம் அக்கா."

அன்று பொழுதுபட்ட பிறகு றஜனி போன் எடுத்தாள். அக்காவின் குரலில் ஏதோ மாறியிருக்கிறது என்பதை அவள் முதல் வார்த்தையிலேயே பிடித்துவிட்டாள். விசாரித்த ஆள் அமைதியானால் விசாரணை முடிந்தது என்று அர்த்தமில்லை. ஆளை வளைத்துப்போட்டார்கள் என்றுதான் அர்த்தம் என்றாள். பிறகு நேராகவே கேட்டாள்.

"பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ, இல்லையோ?"

"ஆரின்ரை பக்கத்தில கேக்கிறாய், அவையின்ரையோ எங்கடையோ?" என்றாள் உதயகலா.

றஜனி அதை விளங்கிக்கொள்ளுமுன் உதயகலா தான் சொல்லப்போவதைச் சொல்லிவிட்டாள். ஒன்று இருக்கிறது, அதால் உயிருக்கு ஒன்றுமில்லை, கோபிக்குத் தெரியும், அவனுடையது அவர்களுக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தான் சொல்லப்போவதில்லை. றஜனி அழவில்லை, கத்தவும் இல்லை. சரி, தான் வேறு ஆட்களிடம் விசாரித்துக்கொள்கிறேன் என்றாள். விசாரி என்றாள் உதயகலா. றஜனி யாரிடம் கேட்பாள், அவர்கள் என்ன சொல்வார்கள், எந்த இடத்தில் 'ஆனால்' போடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதைத் தடுக்க வழியில்லை. வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த நாள் விவாகப் பதிவாளருக்குப் போன் எடுத்தாள். நாளைச் சொன்னாள். காலை ஆறு மணி என்றாள்.

"ஆறு மணிக்கோ?" பதிவாளரின் குரல் தாழ்ந்தது. "ஏன் ரீச்சர் உவ்வளவு வெள்ளன? ரெண்டு வீட்டாரும் சம்மதம்தானே? ஓடி வந்த கேஸ் ஏதும் இல்லையே?"

"இல்லை. ரெண்டு வீட்டாரும் வருவினம்."

"அப்ப என்ன அவசரம்?"

"அவசரம் ஒண்டுமில்லை. ஆறு மணி எண்டு எழுதுங்கோ."

அவர் நம்பவில்லை. பொம்பிளையின் வயதை இன்னொருதரம் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். மாப்பிள்ளையின் வயதையும் கேட்டார். அதையும் சொன்னாள், காரணத்தை மட்டும் சொல்லவில்லை.